அக்கா உட்கார்ந்திருந்த சுவர்

என் அத்தான் ஒரு ஸ்டூடியோவில் ஆட்களை அழிக்கிற வேலை பார்த்தார். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். யாராவது புதிதாக அறிமுகமாகி என்ன தொழில் என்று விசாரித்தால், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "ஆளைத் தீர்க்கிறது" என்பார். அக்கா குறுக்கே புகுந்து, போட்டோ கடையில் டச்சிங் பண்ணுகிறார் என்று விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அவர் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவருடைய வலது கைதான் நினைவுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் முன்னால் இல்லாத நேரத்திலும் அந்தக் கையின் சுட்டுவிரல் மேஜையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு மேஜையில் ஒரு பருக்கை கிடந்தால்கூட எடுக்க மாட்டார், தேய்ப்பார்.

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் பலவிதம். பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குள் வந்து நின்றுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், கோபித்துக்கொண்டு போன சித்தப்பா, பிரிந்துபோன மருமகன். காலையில் படத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாலையில் அந்த ஆள் அதில் இருக்க மாட்டார். ஸ்டூடியோ ஓனர் அத்தானை 'ரப்பர்' என்றுதான் கூப்பிடுவார். நாளடைவில் தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

அழிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை என்பார் அத்தான். ஆளை எடுத்ததும் படத்தில் ஆள் வடிவத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை விழும். அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, படம் எடுத்த கேமராவுக்கே தெரியாது. பக்கத்திலிருந்து கொஞ்சம் இலை, கொஞ்சம் சுவர், வேறு படத்திலிருந்து ஒரு ஜன்னல் என்று எடுத்துவந்து அந்த ஓட்டையை நம்பும்படியாக அடைக்க வேண்டும். அதுதான் வேலை.

ஒருநாள் ஓர் அம்மா கடைக்கு வந்தார். சில வாரங்களுக்கு முன் தன் கணவரின் கூட்டாளி ஒருவரைப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னவர். ஏதோ ஊரில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் எடுத்த படம். அந்தக் கூட்டாளி நின்ற இடத்தில், வேறொருவர் வீட்டுப் படத்திலிருந்து எடுத்த சின்னப் பச்சைக் கதவு ஒன்றை அத்தான் வைத்திருந்தார். அந்த அம்மா மறுபடி அந்த ஊருக்குப் போயிருக்கிறார். செல்போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டி, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டார். கட்டடத்தில் அதே இடத்தில் அதே பச்சைக் கதவு. பூட்டிலிருந்து தொங்கிய சங்கிலிகூட அதேதான்.

ஓனர் கடையே அதிரச் சிரித்தாராம். "ரப்பரு, அடுத்த வாரம் எந்த லாட்டரி நம்பர் விழும்னு ஒரு ஓட்டையில நிரப்பிக் குடுத்துடு."

அத்தானும் இதை வீட்டில் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்த பிறகு அவருடைய கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்தக் கதவை வலது இடதாகத் திருப்பித்தான் வைத்தேன், அது அங்கேயும் திருப்பித்தான் இருக்கிறது என்றார்.

பயணப் பேச்சு அதற்கு முன்பே இருந்தது. மலை, காடு, கடல் என்று மூன்று இடம் போய், இயற்கையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. "ஆயுசு பூரா மனுஷனைத் துடைச்சுத் துடைச்சு விரல் தேஞ்சுபோச்சு மாப்ளே. மனுஷனே இல்லாத எடமாப் பார்த்து எடுத்தா வேலை மிச்சம்" என்பார். பழைய கேமரா ஒன்றும், விரித்தால் கால் ஒன்று சறுக்குகிற ட்ரைபாடும் வாங்கியிருந்தார். கார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான்.

சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரிந்தே கிடக்கும். மலைமுகட்டில் வெயில் எந்தப் பக்கம் முதலில் விழும், காட்டுக்கு மழை விட்டதும் போவதா வெயிலில் போவதா, கடலில் தண்ணீர் எப்போது இறங்கியிருக்கும் என்று ஊரில் இருக்கிற எல்லாரையும் போனில் பிடித்துக் கேட்டார். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள், நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுத்தே பழகியவள். அவளுக்கு இந்த இழுவை பிடிக்கவில்லை. தன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் இதில் கால்வாசி விசாரித்திருக்கலாமே என்றாள். விசாரித்திருந்தால் தப்பித்திருப்பேன் என்றார் அவர். யார் தப்பித்திருப்பது என்று சிறிது நேரம் சண்டை நடந்தது.

அந்த மூன்று இடமும் புதிதல்ல. கல்யாணமான வருஷம் இருவரும் அங்கெல்லாம் போயிருக்கிறார்கள். ஓனரிடம் இரவல் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவில் அத்தான் எடுத்த படங்களில் மூன்று நன்றாக வந்திருந்தன. மலைமுகட்டில் கம்பித்தடுப்பருகே அக்கா, காட்டில் ஒரு பெருமரத்தின் முன்னால் அக்கா, கடலோரத்தில் கற்சுவர்மேல் உட்கார்ந்திருக்கிற அக்கா. நாளைக்குப் பிரிண்ட் போடலாம் என்றே காலம் போய்விட்டது. படக்காரன் வீட்டுச் சுவர் மொட்டை என்று அக்கா குத்திக்காட்டுவாள்.

பச்சைக் கதவுக்குப் பிறகு அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மூன்று படங்களிலிருந்தும் அக்காவை எடுத்துவிட்டு, பின்னால் மனம்போனபடி எதையாவது நிரப்புவது. பிறகு நேரில் போய்ப் பார்ப்பது. நிரப்பியது அங்கே இல்லையென்றால் கதவு தற்செயல். நிம்மதியாகப் படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மலைப்படத்தை முடித்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள். தான் இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு முளைத்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, நான் குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கும்போதே என்னை எடுத்துட்டீங்களா?"

"உன்னை எங்க எடுத்தேன். பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கிறேன்."

"அதுக்கு நவுந்து நில்லுன்னா நின்னிருப்பேனே" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பெஞ்சுக்கு ஒரு கால் கிடையாது. யாரோ ஒருவரின் பூங்காப் படத்திலிருந்து எடுத்தது. வெளிச்சம் பொருந்துவதற்காக அதைத் திருப்பிப் போட்டதால், கால் இல்லாத மூலை வலப்பக்கம் வந்தது. காட்டுப் படத்தில், மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு இருட்டாக ஒரு பொந்து வைத்தார். மூன்றாவது கடல் படம். அதைச் செய்யும்போது மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவசரத்தில் அக்காவை எடுத்துவிட்டு, இரு பக்கத்துக் கடலையும் இழுத்து மூடினார். கடல் கொஞ்சம் கீழேயும் இறங்கிவிட்டது. அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில், அடியில் ஒரு வரிசைக் கல் தவிர, சுவரே இல்லை. இரண்டு பக்கமும் கல், நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குத் தண்ணீர். நாளைக்குக் கல் வைத்துக்கொள்ளலாம் என்று சேமித்து மூடிவிட்டார்.

மறுநாள் பழைய படத்தைத் திறந்து பார்க்கலாம் என்று தேடியபோது அது இல்லை. கடையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் அந்த மெஷின் முதலில் ஒரு நகலை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளும். ஓனர் ஆரம்பத்திலிருந்தே அப்படிச் செய்துவைத்திருந்தார். அதனால் நகல் எடுக்கிற பழக்கமே அத்தானின் கைக்கு வரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. மூன்று படங்களிலும் அக்கா போனவள் போனவள்தான்.

மதிய இடைவேளையில் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். ஓனர் சாப்பிடப் போயிருந்தார். திரையில் அந்தக் கடல் படம் இருந்தது.

"சிரிக்காத மாப்ளே. அந்தக் கதவு மாதிரி இதுவும் அங்க இருந்துட்டா?"

"இருந்தா என்ன அத்தான்? பழைய சுவரு. எப்பவோ இடிஞ்சிருக்கும்."

"அவ உட்கார்ந்த எடம்டா அது. அவளை எடுத்ததோட நிக்காம அடியில இருந்த கல்லையும் எடுத்துட்டேன்." விரல் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "அங்க அவ போகக் கூடாது. அவ்வளவுதான்."

இப்போதே கல்லை வைத்துவிடுங்களேன் என்றதற்கு, முதலில் நிரப்பியது தண்ணீர், மேலே கல்லை வைத்தால் அது போய்விட்டதா என்று எப்படித் தெரியும் என்றார். அப்படியென்றால் பயணத்தையே விட்டுவிடலாமே என்றேன். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த இடத்தைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு அலைய வேண்டும், போய்ப் பார்த்துவிட வேண்டும், ஆனால் அவள் இல்லாமல் போக வேண்டும் என்றார். வீட்டில் வேறு காரணம் சொன்னார். ஏற்றம் அதிகம், உனக்கு முழங்கால் வலி, இது படம் எடுக்கிற பயணம், உனக்குப் பொழுது போகாது. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பல் மருத்துவர் சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்தாலும் கொடுப்பார், லீவு கொடுக்க மாட்டார், நான் வாங்கிவிட்டேன் என்றாள். "படத்துலதான் அழிச்சீங்கன்னா வண்டியிலயுமா?"

மூவருமாகக் கிளம்பினோம்.

மலைமுகட்டில் நாங்கள் ஏறியபோது பனிமூட்டம். கம்பித்தடுப்பு இருக்கிற இடத்தைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தோம். அத்தான் ட்ரைபாடை விரித்துவிட்டு வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். மூட்டம் விலகத் தொடங்கியபோது முதலில் தெரிந்தது பெஞ்சு. வலப்பக்க மூலையில் கால் இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

எனக்குக் காரணம் தேடுகிற புத்தி. அன்றைக்கே இந்தப் பெஞ்சு இங்கே இருந்திருக்கும், அக்கா மறைத்துக்கொண்டு நின்றிருப்பாள், உங்கள் கண் பார்த்து வைத்துக்கொண்டு மறந்திருக்கும் என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று அத்தான் உடனே ஒப்புக்கொண்டார். அக்கா பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தாள். "எனக்கு அன்னிக்குக் கால் வலி. பெஞ்சு இருந்திருந்தா நின்னிருக்கவே மாட்டேன்" என்றாள். அத்தான் அங்கே சில படங்கள் எடுத்தார். பெஞ்சு வராமல் எடுத்தார்.

காட்டில் அந்த மரத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒற்றையடிப் பாதை நேராக அதில்தான் போய் முட்டியது. மழை விட்டு இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மரத்தைச் சுற்றிச் சொட்டுகிற சத்தம் இல்லை. அடியில், முழங்கால் உயரத்துக்கு, பொந்து. நாங்கள் இருவரும் கிட்டே போவதற்குள் அக்கா குனிந்து உள்ளே கையை விட்டுவிட்டாள்.

"உள்ள இருந்து காத்து வருது" என்றாள். குரலில் பயமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "உப்புக் காத்து."

அத்தான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அன்றைக்கு அவர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. காருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவளை முன்னால் விட்டு, அவள் முதுகையே பார்த்தபடி நடந்தார்.

கடலுக்குப் போகிற வழியில் அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார். சுவரை, அவசரத்தை, தண்ணீர் கீழே இறங்கியதை. நான் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "பெஞ்சுக்குப் பதிலா ஒரு நல்ல வீடு வச்சிருக்கலாம்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நீ வண்டியிலேயே இரு என்று அவர் கெஞ்சினார். சரி என்றாள்.

காலை வெயில் ஏறியிருந்தது. காரை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நானும் அத்தானும் சரிவில் இறங்கினோம். நீளமான கற்சுவர், இடுப்பு உயரம். அதற்கு அப்பால் செங்குத்தாகப் பள்ளம், கீழே பாறையும் நுரையும். சுவரின் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. கீழே ஒரு வரிசைக் கல் மட்டும் மிச்சம்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். சுவர் இடிந்தால் முனைகள் பிய்ந்திருக்க வேண்டும், காரை உதிர்ந்திருக்க வேண்டும். இங்கே இரண்டு முனையும் வழுவழுவென்று இருந்தன. விழுந்த கற்கள் பள்ளத்திலும் இல்லை. தூண்டிலோடு போய்க்கொண்டிருந்த ஒருவரிடம் எப்போது இடிந்தது என்று கேட்டேன். இடியவில்லை, எப்போதும் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால் அக்கா எங்கள் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்றபடி அதை நோக்கி நடந்தாள். அவள் நடையில் அவசரம் இல்லை. நாற்காலியில் உட்காரப் போகிறவள் நடப்பதுபோல இருந்தது.

அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவளை என் பக்கம் தள்ளிவிட்டு, தானே போய் அந்த இடைவெளியில், மிச்சமிருந்த ஒற்றை வரிசைக் கல்மேல் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் கடல், கால்கள் எங்கள் பக்கம். அவர் உடம்பு அந்த இடத்துக்குச் சரியாக இருந்தது, இரண்டு தோளும் இரண்டு முனைக் கல்லிலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அவகிட்ட கேமராவக் குடு மாப்ளே. எடுக்கட்டும்."

அக்கா அதற்கு முன் கேமராவைத் தொட்டதில்லை. எதை அமுக்குவது என்று காட்டினேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களைப்போல நேராகப் பார்த்தார். அவள் எடுத்தாள். எழுந்து வாருங்கள் என்றாள்.

"நீ மேல போயி வண்டியில உட்காரு. நீ உட்கார்ந்ததுக்கப்புறம் நான் எந்திரிக்கிறேன்."

அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. அவள் போனாள். அவருக்குப் பின்னால் அலை ஏறி இறங்கியது, ஒரு துளிகூட இந்தப் பக்கம் வரவில்லை. மேட்டில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்தபின் அவர் நன்றாகத்தான் இருந்தார். சொல்லப்போனால் முன்பைவிடக் கலகலப்பாக இருந்தார். கடையில் மட்டும் ஒரு மாற்றம். முகப்பரு எடுப்பேன், கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் எடுப்பேன், ஆள் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரப்பர் பென்சிலாகிவிட்டது என்று ஓனர் புலம்பிக்கொண்டே அந்த வேலைகளைத் தானே செய்தார். மழை தொடங்கிய வாரத்தில், ஒரு பிற்பகல், அத்தான் மேஜையில் தலை சாய்த்திருப்பதைப் பார்த்து ஓனர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார். இதயம் நின்றுபோனது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், இப்படிக் காரணம் எழுதிய காகிதங்களைத்தான் தினமும் படிக்கிறேன். அதில் தவறாக ஒன்றுமில்லை.

வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் தொங்குகிற இறந்தவர் படங்களுக்கு மெருகேற்றியது அவர்தான், ஆனால் அவர் தனியாக இருக்கிற படம் என்று எங்களிடம் அந்தக் கடல் படம் ஒன்றுதான் இருந்தது. அதில் சுவர் முழுதாக இருக்கிறது. நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் கல் இல்லை என்று பார்க்கிற யாருக்கும் தெரியாது.

நானும் அக்காவும் கடைக்குப் போனோம். ஓனர் அன்று ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. அத்தானின் மேஜையில் உட்கார்ந்து, கடலிலிருந்தும் சுவரிலிருந்தும் அவரை மெதுவாகப் பிரித்தெடுத்து, வெளிர்நீலத் திரையின் முன்னால் வைத்தார். மரியாதையாக இருந்தது. பெரிதாக்கிப் பிரிண்டுக்கு அனுப்பினார். பிறகு மிச்சமிருந்த படத்தை மூடப் போனார். கடல், சுவர், நடுவில் உட்கார்ந்த ஆள் வடிவத்தில் ஒரு வெள்ளை.

"இருங்கண்ணே" என்றாள் அக்கா. "அந்த எடத்தை அடைச்சுக் குடுங்க."

"எதுக்கும்மா? நமக்கு அவருதானே வேணும்."

"அங்க யாராச்சும் வருவாங்க, போவாங்க. அடைச்சுடுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கடலை இழுத்துவிடட்டுமா, சுலபமாக முடியும் என்று கேட்டார். அக்கா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தண்ணி வேணாம். கல்லு வைங்க. ரெண்டு பக்கத்துலயும் இருக்கிற மாதிரியே. கொஞ்சம் ஒசரமாவே வைங்க."

"யாரும் உட்கார முடியாத ஒசரத்துக்கா?"

அவள் யோசித்தாள்.

"உட்காரட்டும்ணே. விழாம உட்காரட்டும்."

ஓனர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்து, வெள்ளையின் அடியில் வைத்தார். சரியாக இருக்கிறதா என்று அக்கா குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளச் சொன்னாள். அவர் தள்ளினார். அடுத்த கல்லை எடுத்தார்.